கார்போஹைட்ரேட் மேல் இவ்வளவு வன்மம் எதற்கு?

என் மகளின் சாப்பாட்டைப் பற்றி நேற்று நான் எழுதிய பதிவின் கீழே வந்த கருத்துகளைப் பார்த்திருப்பீர்கள். "எல்லா கார்போஹைட்ரேட்டும் சர்க்கரைதான், சர்க்கரை விஷம், அதைப் பெற்ற பிள்ளைக்கே கொடுக்கிறீர்களே" என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை லைக். பேசாமல் விட்டுவிட மனசு கேட்கவில்லை.

கார்போஹைட்ரேட் என்பது ஒரே பொருள் இல்லை. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், காலக்டோஸ் எல்லாம் ஒற்றைச் சர்க்கரைகள். வெள்ளைச் சர்க்கரை, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தது. ஸ்டார்ச் (மாவுச்சத்து), குளுக்கோஸ் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. நார்ச்சத்தும் பெரும்பாலும் கார்போஹைட்ரேட்தான், ஆனால் அதை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். இதில் எது விஷம்? பெயரைச் சொல்லுங்கள்.

மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. சிவப்பணுக்களுக்கு வேறு எரிபொருளே கிடையாது. சாப்பிட்டதில் மிஞ்சுவது கிளைக்கோஜன் என்ற சேமிப்பாகிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். தசையில் இருப்பது அந்தத் தசைக்கு மட்டுமே. நாம் தூங்கும்போது ரத்தச் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல்.

என் மகளுக்கு டைப் 1 நீரிழிவு, அதாவது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை உடல் அநேகமாகச் சுரக்காத வகை. இன்சுலின் ஊசி இல்லாமல் அவளால் வாழ முடியாது. ஊசி போட்ட பிறகு கொஞ்சம் கூடுதலாக ஓடி விளையாடினாலும் சர்க்கரை சட்டென்று சரியும். ஒரு நடுராத்திரி தொட்டுப் பார்த்தால் தலையணை வியர்வையில் ஊறியிருந்தது. உதடு வெளுத்துவிட்டது, பேச்சு குழறியது. மீட்டரில் ரத்தச் சர்க்கரை 52, மிகக் குறைவு. பதினைந்து கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நார்ச்சத்தும் உதவாது. எந்த கார்போஹைட்ரேட், எவ்வளவு வேகத்தில் என்பது எங்கள் வீட்டில் உயிர் விஷயம். அதைத்தான் அவர் விஷம் என்கிறார்.

"கார்போஹைட்ரேட்டைக் குறைத்ததும் எனக்கு எடை குறைந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது" என்பீர்கள். சந்தோஷம், நான் மறுக்கவில்லை. டைப் 2 (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை) உள்ள பலருக்கு அது பலன் தருகிறது. இனிப்புப் பானங்களை நானும் எதிர்க்கிறேன். சேர்க்கப்படும் சர்க்கரை போன்றவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதையும் ஏற்கிறேன். அது அளவைப் பற்றிய பேச்சு. நீங்கள் பேசுவது அளவைப் பற்றியா?

"கல்லீரலே குளுக்கோஸ் தயாரிக்கும், வெளியிலிருந்து எதற்கு" என்று இன்னொருவர். தயாரிக்கும். புரதத்தின் அமினோ அமிலம், கொழுப்பின் கிளிசரால், தசை உழைப்பில் உண்டாகும் லாக்டேட் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துத் தயாரிக்கும். விஷத்தை எந்த உடலாவது இப்படிப் பாடுபட்டுத் தயாரிக்குமா? சரியும் சர்க்கரையை நிறுத்த அந்த வேகம் போதாது என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். "நீங்கள் டாக்டரா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. தினமும் மகளின் தட்டைப் பார்த்து கிராம் எண்ணி, அதற்கேற்ப ஊசி போடுகிறவள் நான்.

எனக்கு வலிப்பது என்னைத் திட்டியதற்காக இல்லை. இதே பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு உறவினர், விசேஷ வீட்டில் என் மகள் கையிலிருந்த குளுக்கோஸ் மாத்திரையைப் பிடுங்கி, "இதெல்லாம் உனக்கு ஆகாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். குழந்தை கூசிப்போய்விட்டது. அன்றிலிருந்து கூட்டத்தில் கை நடுங்கினாலும் வெளியே சொல்ல யோசிக்கிறாள். நீங்கள் போகிறபோக்கில் எழுதும் ஒரு வரி இவ்வளவு தூரம் வருகிறது.

டைப் 1 உள்ள குழந்தை வியர்த்து நடுங்கினால், உளறினால், உடனே குளுக்கோஸ் கொடுங்கள், தடுக்காதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.