எம்சிபி சர்வர்களை மொத்தமாகப் போடாதீர்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கணக்கு ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, ஒரே கமாண்ட்ல இருபது முப்பது எம்சிபி சர்வர் ஏறிடுதாம், அந்தப் பேக்கப் போட்டுடலாமா?" வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதியவர்களுக்குச் சுருக்கமாக: எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட, ஏஐயை மற்ற ப்ரோக்ராம்களோடு இணைக்கும் திறந்த நெறிமுறை. ஏஐ மாடல் தானாக உங்கள் ஃபைலைத் திறக்காது, மெயில் அனுப்பாது. நடுவில் ஒரு சின்ன ப்ரோக்ராம் நின்று அந்த வேலையைச் செய்து தரும், அதைத்தான் சர்வர் என்கிறோம். 2025ல் ஓப்பன்ஏஐயும் கூகுளும் இதை ஏற்றுக்கொண்டதும் ஊர்ப்பட்ட சர்வர்கள் வந்துவிட்டன, அவற்றைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துத் தரும் பேக்குகளும் பின்னாலேயே வந்தன.

பலரும் சொல்கிற குறை இடப் பிரச்சினை. ஒரு சர்வர் செய்து தரும் ஒவ்வொரு வேலைக்கும் கருவி என்று பெயர். அந்த ஒவ்வொரு கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே மாடலின் நினைவுப் பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்தை எண்ணுகிற அலகு) செலவாகும், ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு தேடல் கருவி இருந்தால் மாடல் தவறானதை எடுக்கும். ப்ரோக்ராம் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் ஒரு கோரிக்கைக்கு 128 கருவிகள் என்று எல்லையே வைத்தது. தேவைப்படும்போது மட்டும் கருவியைத் தேடி எடுக்கும் வசதி இப்போது வந்துகொண்டிருக்கிறது, அதனால் இந்தக் குறை மெல்லக் குறைந்துவிடும். சரி. என் கவலை அது இல்லை.

நம் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொள்ளாச்சியில் ஒரு கிடங்கு, இந்தப் பக்கம் ஒரு கிடங்கு வைத்திருக்கும் கொப்பரை வியாபாரிக்கு தமிழ்நாட்டுக்கு 33ல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் ஒன்று, கேரளாவுக்கு 32ல் தொடங்குவது ஒன்று. அவருடைய ஈ-வே பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பான், ஆதார் நகல் எல்லாம் ஒரே டிரைவில் கிடக்கும், பாதிப் பில் மலையாளத்தில், பாதி தமிழில். இதை ஏஐ வைத்து ஒழுங்குபடுத்துவது நல்ல யோசனைதான், நானும் செய்கிறேன். ஆனால் அந்தத் தகவல் எதுவும் நம்முடையது இல்லை. நம்பிக் கொடுத்தவருடையது.

சைமன் வில்லிசன் என்ற மென்பொருள் வல்லுநர் 2025 ஜூனில் எழுதிய ஒரு கருத்தை ஒவ்வொரு ஆபீசிலும் ஒட்டி வைக்க வேண்டும் என்பேன். ரகசியத் தகவலைப் படிக்கும் வழி, யாரோ வெளியாள் எழுதியதைப் படிக்கும் வழி, வெளியே அனுப்பும் வழி, இந்த மூன்றும் ஒரே ஏஐயின் கையில் சேர்ந்தால் ஆபத்து. காரணம், முதலாளி சொன்ன உத்தரவு எது, வந்த மெயிலுக்குள் எவனோ ஒளித்துவைத்த உத்தரவு எது என்று மாடலுக்கு உறுதியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஃபைல் சர்வரைத் தனியாகப் போட்டால் பெரிய பயம் இல்லை, மெயில் அனுப்பும் சர்வரைத் தனியாகப் போட்டாலும் சமாளிக்கலாம். பேக் செய்கிற காரியமே இந்த மூன்றையும் ஒரே நொடியில் சேர்த்துவிடுவதுதான். சுமை இறக்க வந்த ஆளிடம் கிடங்குச் சாவி, பீரோச் சாவி, வண்டிச் சாவி மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுக்கிற மாதிரி.

இது வெறும் பயம் இல்லை. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள் செய்து காட்டினார்கள்: ப்ரோக்ராம்களைச் சேமித்துவைக்கும் ஜிட்ஹப் தளத்தில் பொதுவில் கிடந்த ஒரு புகார்ப் பதிவுக்குள் உத்தரவை எழுதிவைத்தே, ஏஐயைக் கொண்டு அதே ஆளின் தனிப்பட்ட களஞ்சியத் தகவலை வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வெளிப்பட்டது போஸ்ட்மார்க்-எம்சிபி விவகாரம். அது என்பிஎம் என்ற பொது ப்ரோக்ராம் கிடங்கில் கிடைத்த, மெயில் அனுப்பும் ஒரு சர்வர், இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. மெயில் அனுப்பும் சேவை நடத்தும் போஸ்ட்மார்க் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, யாரோ அந்தப் பெயரில் போட்டது. ஆரம்பப் பதிப்புகள் ஒழுங்காகவே வேலை செய்தன. 1.0.16 என்ற பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்ந்தது, அதிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலின் நகலும் அந்த ஆளுக்குப் போனது. இப்படி ஒன்று பேக்குக்குள் பதினேழாவதாக இருந்தால் யார் கவனிப்பார்கள்?

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்று. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் சர்வர் பொதுவாக உங்கள் யூசர் கணக்கின் முழு உரிமையோடு ஓடும். ஃபைல் சர்வருக்கு "இந்த ஃபோல்டர் மட்டும்" என்று எல்லை போட்டாலும் அது அந்த ஒரு சர்வருக்கு மட்டுமே, பக்கத்தில் ஓடும் இன்னொன்றை அது தடுக்காது. ஏபிஐ சாவிகளும் (மற்ற சேவைகளுக்குள் நுழையும் ரகசியக் குறியீடுகள்) பெரும்பாலும் கான்ஃபிக் எனப்படும் அமைப்பு ஃபைலில் மறைக்காமல் பச்சையாகத்தான் எழுதிக் கிடக்கின்றன.

அதனால் பேக்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆபீசில் நாலு பேருக்கும் ஒரே அமைப்பு இருப்பது பெரிய உதவி. ஒரு வேலைக்கு ஒரு சின்னப் பேக் என்று கட்டுங்கள். பில் அடுக்கும் வேலைக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் படிக்கும் சர்வர் போதும், அதில் இணையமும் வேண்டாம் மெயிலும் வேண்டாம். பதில் மெயில் எழுதுவதற்குத் தனி அமைப்பு, அதில் வரைவு எழுதட்டும், அனுப்பும் பட்டனை மனிதர் அழுத்தட்டும். தானாகப் புதுப் பதிப்பு ஏறாதபடி பதிப்பு எண்ணைக் குறித்துப் பூட்டி வையுங்கள், முடிந்தால் டாக்கர் கன்டெய்னருக்குள் (ப்ரோக்ராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி மாதிரி) ஓட்டுங்கள். கருவியை ஓட்டலாமா என்று கேட்கும்போது வரும் "எப்போதும் அனுமதி" என்பதைத் தொடவே தொடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும், அரை நிமிஷம் போனால் போகட்டும்.

பேக் கட்டி வெளியிடுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு சர்வரும் எதைப் படிக்கும், எதை எழுதும், எந்த முகவரிக்குத் தகவல் அனுப்பும் என்று சாதாரண மொழியில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வில்லிசன் சொன்ன அந்த மூன்று வழியும் சேருகிற பேக் என்றால் அதையும் சொல்லுங்கள்.

பில் அடுக்குவதற்கு நான் வைத்திருக்கும் கான்ஃபிக்கைச் சாவியெல்லாம் நீக்கித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டு பில்லுக்கும் ஓடுகிறது, வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.