நாலு கட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம்

கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு அதன் மேல் 'உபயம்' எழுதி வைக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். அதனால் பெரிய முதலாளிகளின் கொடைக் கதைகளை எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஜூலியஸ் ரோசன்வால்டு விஷயத்தில் அந்தச் சந்தேகம் பாதி தீர்ந்துவிட்டது. மீதிப் பாதி வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர் அவர். அந்தக் காலத்தில் கேட்லாக்கைப் பார்த்து ஆர்டர் போட்டால் சட்டை முதல் தையல் மெஷின் வரை தபாலில் வீடு தேடி வருமே, அந்தக் கம்பெனி. மனிதர் பள்ளிப் படிப்பை முடித்தவர் இல்லை. பதினாறு வயதிலேயே துணி வியாபாரம் பழக நியூயார்க் போய்விட்டார். 1912இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி, கறுப்பினத் தலைவரும் கல்வியாளருமான புக்கர் டி. வாஷிங்டனின் டஸ்கீகீ கல்வி நிலையத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் ஒரு பகுதியை வைத்து, அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமாவின் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆறு சின்னப் பள்ளிகள் எழுந்தன. 1932இல் அவர் இறந்தபோது ஆசிரியர் வீடுகள், தொழிற்கூடங்கள் எல்லாம் சேர்த்து 15 மாநிலங்களில் 5,357 கட்டடங்கள்.

அவருடைய சொந்தக் கடிதங்களும் தாள்களும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. என்னைக் கட்டிப்போட்டது அவை இல்லை. அவர் தொடங்கிய அறக்கட்டளையின் ஆவணங்கள் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதில் கட்டடத்துக்கு ஓர் அட்டை. எந்த மாநிலம், எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), எத்தனை ஆசிரியருக்கான கட்டடம், எவ்வளவு செலவு. அப்புறம் அந்தச் செலவை யார் கொடுத்தது என்று நாலு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: கறுப்பினத்தவர், வெள்ளையர், அரசு, ரோசன்வால்டு.

முதல் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமாவின் லோச்சபோகா, 1913. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். ரோசன்வால்டு 300. ஊர் வெள்ளையர்கள் 360. கறுப்பினத்தவர் 282 டாலர் 50 சென்ட். அதில் 150தான் ரொக்கம், மீதி 132 டாலர் 50 சென்ட் அவர்களுடைய உடலுழைப்பு. மரம் தூக்கியதையும் ஆணி அடித்ததையும் காசாக மதிப்புப் போட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 2 கோடியே 84 லட்சம் டாலர் செலவில் ரோசன்வால்டு பங்கு சுமார் 43.6 லட்சம். கறுப்பினத்தவர் பங்கு 47 லட்சத்துக்கும் மேல். பேர் பெற்ற வள்ளலைவிடப் பருத்திக்காட்டுக் கூலிகளும் குத்தகைக்காரர்களும் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கென்றே பருத்தி விதைத்து, அந்த விளைச்சலை விற்றுக் கொடுத்த ஊர்கள் உண்டு. முட்டை விற்றும் கோழி விற்றும் கொடுத்திருக்கிறார்கள்.

மிச்சத்தில் பெரும்பங்கு அரசுப் பணம், மொத்தச் செலவில் கிட்டத்தட்ட 64 சதவீதம். ரோசன்வால்டின் சாமர்த்தியம் இங்கேதான். நிலமும் கட்டடமும் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பேருக்கு மாற வேண்டும், நிர்வாகமும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வைத்தார். நினைத்திருந்தால் தன் பேரில் தனியார் பள்ளிகள் நடத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கறுப்பினப் பிள்ளைகளுக்குக் காலணா ஒதுக்க மனம் வராத நிர்வாகங்களின் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தார். இதற்காக அவரைக் கும்பிடலாம்.

சரி, என் மீதிச் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்த 'அரசு' கட்டத்துப் பணத்திலும் கறுப்பினத்தவர் கட்டிய வரி இருக்கிறதே! வரியும் கட்டி, அதே பள்ளிக்கு நன்கொடையும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளையின் அப்பா இப்படி இரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 'நீயும் போடு, நானும் போடுகிறேன்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் இல்லாதவனிடம் கேட்கும்போது அது வேறு கணக்கு. இனவாரியாகப் பள்ளியைப் பிரித்து வைத்த ஏற்பாட்டையும் இந்தத் திட்டம் தொடவில்லை. அதற்குள்ளேயேதான் கட்டினார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கட்டட வரைபடங்களைப் பார்த்தால் மனசு இளகிவிடுகிறது. மின்சாரம் இல்லாத ஊர்கள். அதனால் வரிசை வரிசையாகப் பெரிய ஜன்னல்கள், கிழக்கு மேற்கு வெயில் உள்ளே விழும்படி. வலது கையால் எழுதும் பிள்ளைக்குக் கை நிழல் தாளில் விழாமல் இருக்க, இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி மேசைகளைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

காலாகாலத்துக்கும் வட்டியில் ஓடும் தர்மம் ரோசன்வால்டுக்குப் பிடிக்காது. தான் இறந்து 25 ஆண்டுக்குள் எல்லாம் செலவாகிவிட வேண்டும் என்றார். அறக்கட்டளை 1948லேயே கஜானாவைக் காலி செய்து கதவைச் சாத்திவிட்டது. 'ரோசன்வால்டு பள்ளி' என்ற பேரும் அவர் கேட்டு வாங்கியதில்லை, மக்களே வைத்தது.

அலபாமாவில் போலிஜீ என்ற ஊரில் பள்ளிக்குப் பணம் திரட்டக் கூட்டம் போட்டார்கள். அடிமைக் காலத்தைக் கண்ட ஒரு முதியவர் எழுந்து வந்து, பிசுக்கேறிய பழைய பையை மேசையில் கவிழ்த்தாராம். ஆயுள் முழுக்கச் சேர்த்தது, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்காக. பணம் திரட்டப் போன ஆள் எழுதி வைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. அட்டைக் கணக்கில் அந்தப் பை தனியாகத் தெரியாது. கறுப்பினத்தவர் என்ற கட்டத்தில், ஊரார் காசோடு சேர்ந்து ஒரே எண்ணாகிவிட்டது.