கல்குக்சு சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு

போன மாதம் ஊரிலிருந்து வந்த நண்பரை, இங்கே தென்கொரியாவின் தேஜோன் நகரில் நான் வழக்கமாகப் போகும் கல்குக்சு கடைக்கு, அதாவது கொரிய நூடுல்ஸ் சூப் கடைக்கு, கூட்டிப்போனேன். ஆவி பறக்கக் கிண்ணம் வந்தது. இரண்டு வாய் சூப் குடித்தார். "என்ன மச்சான், உப்பு போட மறந்துட்டாங்களா?" என்றார். கொஞ்ச நேரத்தில் மேஜை மேல் மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று கண்ணால் தேட ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை. கொரியாவுக்கு வரும் நம்மவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். சீரியலில் பார்த்த கொரியச் சாப்பாடு என்றால் சிவப்பாக, காரமாக, தணலில் சுட்ட இறைச்சியோடு இருக்க வேண்டும். இதுவோ வெளுத்த சூப்பில் கோதுமை நூடுல்ஸ், நாலு துண்டு சுரைக்காய் மாதிரி ஒரு காய், கொஞ்சம் வெங்காயத்தாள். "இதுக்குப் போய் வரிசையில நிக்கிறாங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆறு வருடமாக இந்தக் கடைகளில் சாப்பிடுகிறவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்று. கல்குக்சுவைத் தனியாகச் சாப்பிடக் கூடாது. ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு தயிர்சாதம் சப்பென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? இதுவும் அப்படித்தான். கிண்ணம் பாதி, கிம்சி என்கிற முட்டைக்கோஸ் கார ஊறுகாய் பாதி. இரண்டும் சேர்ந்ததுதான் சாப்பாடு. கொரியர்கள் கல்குக்சு கடையை எடைபோடுவதே அதன் கிம்சியை வைத்துத்தான். நூடுல்ஸ் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். கிம்சி சரியில்லை என்றால் மறுபடி அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

அதுவும் எந்தக் கிம்சி? மாதக்கணக்கில் புளித்தது இல்லை. பெரும்பாலான கடைகளில் வைப்பது 'கொட்சொரி' என்கிற புதுக் கிம்சி. சீன முட்டைக்கோஸை உப்பில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, மிளகாய்த்தூள், பூண்டு, மீன்சாறு போட்டுக் கையால் பிசறி, புளிக்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள். கடித்தால் நறுக்கென்று இருக்கும். பூண்டு மூக்கில் ஏறும். என் கடையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னக் கருப்பு மண்ஜாடி, ஒரு இடுக்கி, ஒரு கத்தரிக்கோல் வைத்திருப்பார்கள். வேண்டியதை நாமே எடுத்துத் தட்டில் வெட்டிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு இழை நூடுல்ஸ் வாயில் போன உடனே ஒரு துண்டு கிம்சி, அது முடிவதற்குள் ஒரு கரண்டி சூப். இந்தச் சுற்று நான்கு தடவை வந்துவிட்டால் 'சப்' என்ற வார்த்தையே மறந்துபோகும்.

சரி, அந்தச் சூப்புக்கு வருகிறேன். அதில் இருப்பது நமக்கு அந்நியமான ஒன்றில்லை, நம்ம நெத்திலிக் கருவாடுதான். தலையையும் வயிற்றில் இருக்கும் கருப்பையும் கிள்ளி எறிந்துவிட்டு (எறியாவிட்டால் கசக்கும்) வெறும் சட்டியில் லேசாக வறுத்து, முள்ளங்கி, வெங்காயத்தோடு கொதிக்க விடுவார்கள். காய்ந்த கடற்பாசி ஒரு துண்டு சேரும். அதைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூப் வழவழப்பாகிவிடும். நாம் நெத்திலிக் கருவாட்டுக்குப் புளி, மிளகாய், தேங்காய் என்று மேலே மேலே ஏற்றுகிறோம். இவர்கள் சாற்றை மட்டும் இறக்கி அதன் மேல் எதையும் ஏற்றாமல் வைக்கிறார்கள். அதனால்தான் முதல் வாயில் நம் நாக்கு மசாலாவைத் தேடி ஏமாந்துபோகிறது. ஐந்தாவது வாயில் அந்த நெத்திலி வாசம் வரும், பொறுமையாக இருந்தால் கட்டாயம் வரும். எல்லாக் கடையிலும் நெத்திலிதான் என்று இல்லை. கடலோரம் போனால் மட்டி, சில இடங்களில் கோழி, மாட்டெலும்பு என்று ஊருக்கு ஒரு விதம்.

கொரிய மொழியில் 'கல்' என்றால் கத்தி, 'குக்சு' என்றால் நூடுல்ஸ். பெயரிலேயே வேலை இருக்கிறது. நான் எப்போதும் உட்காரும் மூலையிலிருந்து சமையல் மேடை நன்றாகத் தெரியும். அறுபது தாண்டிய ஓர் அம்மா ஊற வைத்த மாவை எடுத்து, ஒரு கை நீளத்துக்கு இருக்கும் மரக்கட்டையில் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். மாவு அகன்று மேஜைத் துணி மாதிரி விரிந்ததும் மேலே உலர்ந்த மாவைத் தூவி, பாய் மடிப்பது போல மூன்று நான்கு மடிப்பு மடிப்பார். அப்புறம் கத்தி. இடது கை விரல்கள் மடிப்பின் மேல் நண்டு போலப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும், வலது கைக் கத்தி அதைத் துரத்திக்கொண்டே வரும். சட் சட் சட் என்ற சத்தம் கடை முழுக்கக் கேட்கும். ஒரு தடவை கூட அவர் கத்தியைப் பார்த்து நான் பார்த்ததில்லை. வாசலில் யார் வருகிறார்கள், எந்த மேஜையில் கிம்சி தீர்ந்தது என்றுதான் கண் போகும். வெட்டி முடித்ததும் இரண்டு கையாலும் அள்ளி ஓர் உதறு உதறி நேராகக் கொதிக்கும் சூப்பில் போடுவார். ஒரு இழை தடி, ஒரு இழை மெல்லிசு. அந்த ஒழுங்கில்லாமைதான் எனக்குப் பிடித்தது. ஒரே வாயில் ஒன்று வழுக்கும், ஒன்று கடிக்கும்.

மேலே ஒட்டியிருக்கும் மாவைக் கழுவாமல் அப்படியே போடுவதால்தான் சூப் கஞ்சி போலக் கொஞ்சம் கெட்டியாகிறது. இது தப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை, வேண்டுமென்றே செய்வது. கழுவின நூடுல்ஸ்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஆந்தோங் பக்கம் மாவில் சோயாப் பயறு மாவு கலந்து, தனியாக வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி எடுத்துப் பரிமாறும் 'கொன்ஜின் குக்சு' இருக்கிறது. மெல்லிசாக, அழகாக இருக்கும். மழை நாளில் எனக்கு வேண்டியது அந்தக் கெட்டிச் சூப்தான். மழை பெய்தால் இங்கே எல்லாருக்கும் இந்த ஆசை வந்துவிடும், நமக்கு பஜ்ஜி நினைவு வருவது போல.

இன்றைக்கு இது எளிய சாப்பாடு. ஒரு காலத்தில் இல்லை. கொரியாவில் கோதுமை விளைச்சல் குறைவு. கோதுமை நூடுல்ஸ் என்பது கல்யாணம், விருந்து என்று வந்தால்தான் கண்ணில் படும். அதனால்தான் கல்யாணமாகாத பிள்ளைகளிடம் பெரியவர்கள் இன்றும் "எப்போ எங்களுக்கு நூடுல்ஸ் போடப் போற?" என்று கேட்கிறார்கள். "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போற?" என்று நம் வீடுகளில் கேட்பதை அப்படியே எடுத்து வைத்த மாதிரி இருக்கும். என் ஆய்வகத்தில் ஒரு மூத்தவர் என்னிடமும் கேட்டார். எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1950 முதல் 53 வரை நடந்த போருக்குப் பிறகு கதை மாறியது. அமெரிக்க உதவிக் கோதுமை மாவு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அரிசி பற்றவில்லை. 'அரிசியோடு வேறு தானியம் கலந்து சாப்பிடு, மாவுப் பண்டம் சாப்பிடு' என்று அரசாங்கமே கட்டாயப்படுத்தியது. 1969ல் புதன், சனிக்கிழமைகளில் காலை 11 மணியிலிருந்து மாலை 5 மணி வரை உணவகங்களில் அரிசிச் சாப்பாடு விற்கவே தடை. பள்ளியில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோற்றில் வாற்கோதுமை கலந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அந்த வருடங்களில்தான் கல்குக்சு தெருவுக்கு வந்தது. பி.எல். 480 என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கோதுமைதான் அதே காலத்தில் நம் நாட்டு ரேஷன் கடைகளுக்கும் வந்தது. பஞ்சம் பிழைத்த தலைமுறை கையில் கிடைத்த மாவை வைத்து வயிறு நிறைய, மானத்தோடு சாப்பிடும்படி ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. இதை நினைக்காமல் 'வெறும் மாவு' என்று யாராவது தள்ளினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேஜோன் இதற்குப் பேர்போனது ஏன் என்றால் ரயில். சியோலிலிருந்து பூசானுக்குப் போகும் பாதையும் தென்மேற்கே ஹோனாம் பக்கம் போகும் பாதையும் பிரியும் இடம் இது. உதவி மாவு இங்கே வந்துதான் பிரிந்து போயிருக்கிறது. இன்று தெருவுக்குத் தெரு கல்குக்சு கடை, அதற்கென்று ஒரு திருவிழா வேறு. காரம் இல்லாமல் இறங்காது என்பவர்களுக்கு இந்த ஊரிலேயே 'ஒல்குனி கல்குக்சு' இருக்கிறது. சிவக்கச் சிவக்க மிளகாய் போட்டு, மேலே சாமந்திக் குடும்பத்துக் கீரையான சுக்கத்தைக் குவித்துத் தருவார்கள். நண்பரை அடுத்த நாள் அங்கேதான் கூட்டிப்போனேன். மூக்கு ஒழுகச் சாப்பிட்டார், சந்தோஷம். ஆனால் என் மனசு முதல் கடையில்தான்.

சியோலுக்கு மட்டும் வருகிறவர்கள் மியோங்தோங் கியோஜா போகலாம். 1966லிருந்து நடக்கும் கடை. மெனுவில் நாலே நாலு: கல்குக்சு, மாந்து கொழுக்கட்டை, காரமாகப் பிசைந்த நூடுல்ஸ், வெயில் காலத்தில் குளிர்ந்த சோயாப்பால் நூடுல்ஸ். அங்கே சூப் கோழிச்சாறு, மேலே கொத்துக்கறி. கிம்சியில் பூண்டு அப்படி இருக்கும், அன்றைக்கு முக்கியமான ஆளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நாம்தேமுன் சந்தையின் கல்குக்சு சந்துக்கும் போங்கள். முழங்கை இடிக்க இடிக்கப் பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு கிண்ணம் கல்குக்சு கேட்டால் கொசுறாகச் சின்னக் கிண்ணத்தில் குளிர்ந்த கார நூடுல்ஸும் வரும். 'சர்வீஸ்' என்பார்கள். இங்கே அந்த வார்த்தைக்குக் காசு வாங்காமல் கொடுப்பது என்றுதான் அர்த்தம்.

மெனு சின்னதாக இருப்பதை நம்மவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் நம்பிக்கை. ஒரே பண்டத்தை முப்பது நாற்பது வருடம் செய்கிற கைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 2024லேயே சியோலில் ஒரு கிண்ணத்தின் சராசரி விலை 9,000 வொன்னைத் தாண்டிவிட்டது. பழைய ஆட்கள் இதற்கே முகம் சுளிக்கிறார்கள். அந்த விலைக்குள் கிம்சி கேட்கக் கேட்க வருகிறது, பல கடைகளில் முதலில் ஒரு சின்னக் கிண்ணம் வாற்கோதுமைச் சோறும் மிளகாய் விழுதும் வருகிறது. டிப்ஸ் கிடையாது. அவசரப்படுத்துகிறார்கள் என்றும் ஒரு புகார் கேட்டேன். மதியம் ஒரு மணி நேரத்தில் தெருவே வந்து சாப்பிட்டுப் போக வேண்டிய கடை அது. நம்ம ஊர் மெஸ்ஸில் பின்னால் ஆள் நிற்கும்போது இலை முன்னால் உட்கார்ந்து கதை பேசுவோமா?

எனக்கே ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மட்டி கல்குக்சு பெரிய பாத்திரத்தில் போடும் கடைகளில் 'இரண்டு பேருக்குக் குறையாமல்' என்று எழுதி வைத்திருப்பார்கள். மேற்குக் கடலோரம் ஒரு ஊரில், குளிரில் பேருந்து இறங்கிப் போன என்னைத் தனி ஆள் என்று திருப்பி அனுப்பினார்கள். கடை முக்கால்வாசி காலி. தனியாக வருகிறவனுக்கும் பசிக்கும். இதை இவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகும்போது இந்த வழக்கம் நியாயமே இல்லை.

சைவக்காரர்கள் தங்களுக்கு ஏதாவது உண்டா என்று அடிக்கடி உள்பெட்டியில் கேட்கிறீர்கள். இறைச்சி போட வேண்டாம் என்று சொன்னால் போதாது, சூப்பே நெத்திலி. எள்ளு மாதிரி இருக்கும் பெரில்லா விதையை அரைத்துச் செய்வதும் பார்க்கப் பால் மாதிரி இருக்கும், அதிலும் நெத்திலிச் சாறு சேர்க்கிறவர்கள் உண்டு. கிம்சியிலும் மீன்சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். ஓரளவு நம்பிப் போகக்கூடியது வெயில் காலத்துக் கோங்குக்சு. சோயாப் பயறை ஊறவைத்து, அவித்து, மையாக அரைத்துக் குளிர வைத்த பாலில் நூடுல்ஸ், மேலே வெள்ளரிக்காய். மேஜையில் உப்பு இருக்கும். தென்மேற்கே ஜொல்லா மாகாணங்கள் பக்கம் போனால் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள், அதைப் பற்றி ஊருக்கு ஊர் சண்டையே நடக்கும். நான் உப்புக் கட்சி. எதற்கும் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் ஊருக்குத் திரும்பின அன்று காலை, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன். "அந்த முதல் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்றார். பதினொன்றரைக்குப் போய் உட்கார்ந்தோம். இந்தத் தடவை மிளகாய்த்தூள் தேடவில்லை. ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், கத்தரிக்கோலை வாங்கித் தானே வெட்டினார். மாவு தேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா மேடையிலிருந்தே எட்டிப் பார்த்து, காலியான ஜாடியை நிரப்பச் சொல்லிக் குரல் கொடுத்தார். நேற்று அந்தக் கடைக் கதவில் கையால் எழுதின காகிதம் ஒட்டியிருந்தது: 'கோங்குக்சு ஆரம்பம்.' படம் எடுத்து நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன்.