'கொரோனா புழு' மீனில் இல்லை, மணலில்

"தமிழகக் கடலில் கொரோனா புழு கண்டுபிடிப்பு, மீன் சாப்பிடாதீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, மீதி பயமுறுத்தல்.

கண்டுபிடிப்பு நிஜம்தான். தமிழகக் கரையில் கிடைத்த அந்த உருளைப்புழுவுக்கு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தார் 'கொரோனோநீமா த்ரிதி' என்று பெயரிட்டார்கள். த்ரிதி என்பது அந்த நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர் த்ரிதி பானர்ஜியைக் குறிக்கிறது. கொரோனா என்றால் லத்தீனில் கிரீடம், நீமா என்றால் கிரேக்கத்தில் நூல். இந்தப் புழு சேர்ந்த பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு, கோவிட் வருவதற்கு வெகு முன்பே வைத்த பெயர் கொரோனோநீமா. வைரஸுக்கும் புழுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, மீன்? இது ஒட்டுண்ணியே அல்ல. கடலடி மணலில் தன்பாட்டுக்கு வாழும் ரகம். ஒரு கைப்பிடி ஈரமண்ணில் இப்படிப்பட்ட புழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். நுண்ணோக்கியில் தலை மயிர், வாய், வால் நுனி என்று அளந்து வரைந்துதான் இனம் பிரிக்கிறார்கள்.

மீன் அறுக்கும்போது குடலை ஒட்டி வெள்ளை நூல் சுருள் மாதிரி தெரிவது வேறு. அது அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணி. நன்றாக வேகவைத்தால் அதுவும் செத்துவிடும். குழம்பு கொதிக்கட்டும்.