வியாண்டன் கோட்டையை மீண்டும் கட்டியது சரியே

லக்சம்பர்க்கின் வடகிழக்கில், ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய காட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது வியாண்டன். ஏறக்குறைய 2,000 பேர் மட்டுமே வாழும் சிறு நகரம். ‘ஊர்’ என்னும் பெயருடைய ஆறு அதன் நடுவே ஓடுகிறது. பாலத்திலிருந்து புறப்படும் கல்பாவிய நெடுந்தெரு மேலேறி மேலேறி, மலைமுனையில் நிற்கும் கோட்டையை நோக்கிச் செல்கிறது. அங்கே போய்வந்த நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே குறையைச் சொன்னார்கள்: “அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கூரை புதியது, சுவர் புதியது, பழைய கோட்டை என்று எப்படிச் சொல்வது?” நானும் நேரில் போய், நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தபின், அந்தக் குறையில் நியாயமில்லை என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு கோட்டையை இடிபாடாகவே விட்டுவைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் முன், அது எப்படி இடிபாடாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். ரோமானியர் காலத்துக் காவலரண் இருந்த இடத்தில், 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை சிறுகச் சிறுக எழுந்த கட்டடம் இது. லக்சம்பர்க் பிரபுக்களுக்கு இணையாகத் தலைநிமிர்ந்து நின்ற வியாண்டன் பிரபுக்கள்தாம் இதைக் கட்டினார்கள். 1308இல் அடிவாரத்து ஊருக்கு நகர உரிமை வழங்கியதும் அவர்களே. 1417இல் கோட்டை நாசோ என்னும் ஜெர்மானியப் பிரபு குடும்பத்தின் கைக்குப் போனது. அந்தக் குடும்பத்தார் வேறிடங்களில் வாழ்ந்தபடியே இதை ஆண்டார்கள். அவர்களின் வழிவந்த நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம், 1820இல், கோட்டையை வென்செல் கோஸ்டர் என்ற உள்ளூர்க்காரருக்கு 3,200 ஃபுளோரினுக்கு (அக்கால நாணயம்) விற்றுவிட்டார். வாங்கியவர் அதில் குடியேறவில்லை. கூரையில் இருந்த உலோகத்தையும், உத்திரங்களையும், கதவு சன்னல்களையும் கழற்றிக் கழற்றி விற்றார். கூரை போனபின் மழைக்கும் பனிக்கும் சுவர்கள் எத்தனை நாள் தாங்கும்? 1827இல் அதே மன்னர் திரும்ப வாங்கியபோது எஞ்சியிருந்த இடிபாட்டின் விலை 1,100 ஃபுளோரின்.

பீரங்கியால் சிதைந்த கோட்டையை அப்படியே விட்டால், அந்தச் சிதைவுக்கு வரலாற்றுச் சான்று என்ற மதிப்பாவது உண்டு. வியாண்டனின் மேல்தளங்களைத் தகர்த்தது போர் அன்று, பழைய சாமான் வியாபாரம். அதன் விளைவைப் புனிதமாகக் கருதிக் கைபடாமல் காக்க வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இடிபாட்டின் பக்கம் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவைத் துணைக்கு அழைப்பார்கள். 1860களிலேயே பலமுறை இங்கு வந்துபோன அவர், 1871இல் பாரிஸ் கம்யூன் என்னும் புரட்சி அரசின் போராளிகளுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் தருவதாக அறிவித்ததற்காக பெல்ஜியத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அந்தக் கோடையை வியாண்டனில் கழித்தார். பாலத்தருகே அவர் தங்கிய வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. எதிரே பிரெஞ்சுச் சிற்பி ரோடான் வடித்த அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. இடிந்த கோட்டையை அவர் மையால் வரைந்த சித்திரங்கள் உண்மையிலேயே மனத்தைப் பிடிப்பவை; கூரையற்ற சுவர்களில் அவர் கண்ட அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் இளமைக் காலத்திலிருந்தே, பிரான்சின் பழைய கட்டடங்களை இடித்து விற்பவர்களுக்கு எதிராகக் கடுஞ்சினத்தோடு எழுதியவரும் அதே ஹ்யூகோதான். அப்படிப்பட்டவரை ஓர் இடிப்பு வியாபாரத்தின் மிச்சத்துக்குக் காவலராக நிறுத்துவது அவருக்கே இழைக்கும் அநீதி.

1977இல் லக்சம்பர்க்கின் மன்னரான கிராண்ட் டியூக்கின் குடும்பம் கோட்டையை அரசிடம் ஒப்படைத்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூரைகளும் முகப்புச் சுவர்களும் மீண்டும் எழுந்தன. எஞ்சிநின்ற சுவர்கள், பழைய ஓவியங்கள், அகழாய்வு ஆகியவற்றைக் கொண்டு செய்த வேலை அது. மனம்போன போக்கில் கட்டியதன்று. அதன் பயன் எது என்பது உள்ளே நடந்தால்தான் விளங்கும். பிசாந்தியக் கூடம் என்று அழைக்கப்படும் நீண்ட மண்டபத்தில், மூவிதழ் வடிவ வளைவு கொண்ட பெரிய திறப்புகள் இருபுறமும் வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேல் கூரையும் காலுக்குக் கீழ் தளமும் இருப்பதால்தான், ஒரு திறப்பின் ஓரமாக நின்று பள்ளத்தாக்கின் காட்டை அந்த வளைவுக்குள் அடக்கிப் பார்க்க முடிகிறது. கட்டியவர்கள் நினைத்ததும் அந்தப் பார்வையைத்தானே? இரண்டு தளங்கள் கொண்ட தேவாலயத்தில், மேல்தளத்தின் நடுவே அறுகோணத் திறப்பு ஒன்று இருக்கிறது. மேலே பிரபு குடும்பமும் கீழே எளியவர்களும் நின்று, அந்தத் திறப்பின் வழியாக ஒரே வழிபாட்டைக் கேட்டார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே எட்டிப்பார்த்தபோது, ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு கல்லில் எப்படி உருப்பெற்றது என்பது எனக்கு ஒரு நொடியில் பிடிபட்டது.

எல்லாமே நிறைவு என்று சொல்ல மாட்டேன். சில அறைகளில் வைத்திருக்கும் மேசை நாற்காலிகளும் திரைச்சீலைகளும் எனக்கு ஒட்டவில்லை. வெறுமையாக விட்டிருந்தால் அந்த அறைகள் இன்னும் கூடுதலாகப் பேசியிருக்கும். கோட்டையின் அடியில், பழைய அடித்தளங்களைத் திறந்து காட்டும் பகுதியே உள்ளதிலெல்லாம் சிறந்தது. பெரும்பாலோர் அதை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது வருத்தம்.

கோட்டையின் கதை 1827இல் முடிந்துவிடவும் இல்லை. 1944 நவம்பரில், அந்த இடிபாட்டைக் கண்காணிப்பு நிலையாகக் கொண்டு, சுமார் 30 லக்சம்பர்க் தன்னார்வப் போராளிகள் 250 பேர் கொண்ட நாஜி எஸ்.எஸ். படையைத் தடுத்து நிறுத்தினார்கள். அடுத்த மாதமே, ஆர்டென் காட்டுப் பகுதி வழியாக ஜெர்மனி தொடுத்த பெருந்தாக்குதலில் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போய், 1945 பிப்ரவரியில்தான் மீண்டது.

பள்ளத்தாக்கையும் கை படாத இயற்கை என்று எண்ணிவிட வேண்டாம். நகருக்குச் சற்று மேலே அணையால் தேக்கப்பட்ட நீரை, மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் நேரத்தில் மலையுச்சித் தேக்கத்துக்கு இறைத்து, தேவை கூடும் நேரத்தில் கீழே பாயவிட்டு மின்னாக்கும் நிலையம் 1964இல் திறக்கப்பட்டது. இயந்திரங்கள் பெரும்பாலும் மலையைக் குடைந்த குகைக்குள் இருக்கின்றன. அதன் திறன் ஏறத்தாழ 1,300 மெகாவாட். தோல் பதனிடுவோரும் நெசவாளரும் ஒரு காலத்தில் வாழவைத்த ஊர், இன்று நீரையும் பயணிகளையும் நம்பி நிற்கிறது. கூரை வேய்ந்த கோட்டை இல்லாமல் அந்தப் பயணிகள் இவ்வளவு பேர் வருவார்களா என்பது ஐயமே. ஊர் பிழைப்பதற்கும் இந்த மறுகட்டுமானத்துக்கும் உள்ள உறவை, ‘அசல் இல்லை’ என்று சொல்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: லக்சம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து எல்லாருக்கும் இலவசம், தலைநகரிலிருந்து எட்டல்புரூக் வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் போகலாம். நாட்டின் ஒரே நாற்காலி இழுவை ஊர்தி ஆற்றங்கரையிலிருந்து காட்டு மேட்டுக்கு ஏறுகிறது. அங்கிருந்து கோட்டையை மேலிருந்து பார்த்துவிட்டு, காட்டுப் பாதையில் நடந்தே இறங்குங்கள். உள்ளே நுழைந்ததும் கீழ்த்தளத்து அகழாய்வுப் பகுதிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஹ்யூகோ வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டால், அங்கே இடிபாட்டின் சித்திரங்களைப் பார்க்கும்போது, சற்றுமுன் நடந்துவந்த கூடங்களோடு நீங்களே ஒப்பிட்டு முடிவுக்கு வரலாம்.