பதினாறு கிலோ கற்கள்

தென்துருவத்தை அடைந்துவிட்டுத் திரும்பும் வழியில் மாண்டுபோன ராபர்ட் ஸ்காட் குழுவினரின் கூடாரத்தை, தேடிச் சென்றவர்கள் 1912 நவம்பரில் கண்டடைந்தார்கள். உள்ளே மூவரின் உடல்கள் கிடந்தன. மற்ற இருவர் வழியிலேயே இறந்திருந்தார்கள். அவர்கள் இழுத்துவந்த சறுக்குவண்டியில் ஏறத்தாழ 16 கிலோ கற்கள் இருந்தன. உணவும் எரிபொருளும் குறைந்து, உறைபனியில் கால்கள் புண்ணாகிப்போன நிலையிலும் அந்தச் சுமையை அவர்கள் இறக்கிவைக்கவில்லை. அவற்றில் சிலவற்றில் குளோசோப்டெரிஸ் என்னும், என்றோ அழிந்துபோன தாவரத்தின் இலைகள் பதிந்திருந்தன. அதே இலை இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் பாறைகளில் கிடைக்கிறது. பனி மூடிய அண்டார்டிகக் கண்டத்தில் ஒரு காலத்தில் காடு இருந்தது என்பதற்கும், தெற்குக் கண்டங்கள் ஒரே நிலமாக இருந்தன என்பதற்கும் அது சான்றாயிற்று.

இந்தக் கற்களுக்கு ஐந்து உயிர்கள் ஈடாகுமா என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உயிரையும் அறிவையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் தராசு எவரிடமும் கிடையாது. எனவே நான் வேறொன்றைக் கேட்கிறேன்: ஆபத்தைச் சுமந்தவர் அதை அறிந்து ஏற்றாரா? ஸ்காட்டும் தோழர்களும் தாம் போகும் இடம் எப்படிப்பட்டது என்று அறிந்தே போனவர்கள். அவர்களின் ஏற்பாடுகளில் பிழை காணலாம். அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தில் ஏறிய ஏழு பேரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்து நிற்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், நாளை ஏவ வேண்டாம் என்று அதை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடினார்கள். மேலாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஏவப்பட்ட 73 வினாடிகளில் எல்லாம் முடிந்தது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், விண்ணோடம் அழிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று விசாரித்தபோது, நிர்வாகத் தரப்பு லட்சத்தில் ஒன்று என்றது. வேலை செய்யும் பொறியாளர்கள் ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்றார்கள். திட்டம் முடிவதற்குள் 135 பயணங்களில் இரண்டு விண்ணோடங்கள் அழிந்தன. இரண்டாவதில்தான் கல்பனா சாவ்லாவை இழந்தோம். இந்த மரணங்களை ‘ஆய்வுப் பயணத்தின் விலை’ என்று எழுதுவது, அலட்சியத்தைத் தியாகமாக்கும் வேலை.

கப்பல் யுகத்தில் கணக்கு இன்னும் கோணலானது. மகெல்லனின் பயணத்தில் 1519-இல் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. 1522-இல் ஒரே கப்பலில் 18 பேர் உலகைச் சுற்றி ஸ்பெயின் திரும்பினார்கள். வரலாறு அவர்களையாவது எண்ணி வைத்திருக்கிறது. கப்பல்களோடு வந்திறங்கிய பெரியம்மையால் அமெரிக்கக் கண்டங்களில் இறந்தவர்கள் எந்தப் பயணத்துக்கும் கையெழுத்திட்டவர்கள் அல்லர்.

‘இயந்திரங்களை அனுப்பினால் போதாதா?’ என்பார்கள். பல இடங்களுக்குப் போதும். 1977-இல் கிளம்பிய, ஆளில்லா வாயேஜர் விண்கலங்கள் போன தொலைவுக்கு மனிதர் போகவே முடியாது. ஆனால் நிலவிலிருந்து சோவியத் தானியங்கிக் கலங்கள் மூன்று முறை கொண்டுவந்த மண் மொத்தம் சுமார் 300 கிராம். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்தது 382 கிலோ. (செலவும் அதற்கேற்ப மிக அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.)

ஆகவே செவ்வாய்க்கு மனிதர் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கிருந்து ஒரு செய்தி வந்துசேரவே இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகலாம். பாதி வழியில் திரும்ப இயலாது. மீட்புக் கலம் வராது. இவ்வளவும் தெரிந்து ஒருவர் ‘போகிறேன்’ என்றால், தடுக்க எனக்கு உரிமை இல்லை. அவர் கையில் தரப்படும் எண் மேலாளர் சொன்னதா, பொறியாளர் சொன்னதா என்று மட்டும் கேட்பேன்.