மாய நகையும் மறுபிறவிக் காதலும் இரவல் சரக்கல்ல

“ஒரு மாயப் பொருள் பல காலத்துக் காதலர்களை இணைக்கும் கதை ஆங்கில நாவல்களிலிருந்து வந்தது, தமிழில் கிடையாது” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

மணிமேகலையைப் பாருங்கள். சோழ இளவரசன் உதயகுமாரன் அவளைத் துரத்துகிறான், அவளுக்கும் மனம் இளகுகிறது. காரணம், முற்பிறவியில் அவன் இராகுலன், இவள் அவன் மனைவி இலக்குமி. இது மணிபல்லவத் தீவில்தான் அவளுக்குத் தெரியவருகிறது. எங்கள் யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் அது என்று சொல்வோர் பலர். எடுக்க எடுக்க உணவு குறையாத அமுதசுரபியும் அங்கேதான் கிடைக்கிறது. முன்பு பசித்தவர்களுக்குச் சோறிட்ட ஆபுத்திரன் கையில் இருந்து, கோமுகிப் பொய்கையில் விடப்பட்ட பாத்திரம் அது.

ஆனால் ஒன்று: அமுதசுரபி குடும்பச் சொத்தல்ல, காதலர்களைச் சேர்த்து வைப்பதுமில்லை. உதயகுமாரன் வெட்டுண்டு சாகிறான், அவள் துறவியாகிறாள். காதல் நினைவைச் சுமக்கும் நகைதான் வேண்டுமென்றால் காளிதாசனின் சாகுந்தலத்தில் மோதிரம் இருக்கிறது. மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் அது இல்லை, நாடகத்தில் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படிக் கதை எழுத முடியாது. அம்மம்மாவின் அட்டியலைக் கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடையில் கொடுத்து உருக்கி, அக்காவுக்குத் தாலிக்கொடி செய்தாயிற்று.